‘ஒன்பதாவது சாவி’ பற்றி அக்கா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை

மார்ச் 4, செவ்வாய்

பதினோராம் பதிப்பு வந்துவிட்டது. பதிப்பாளர் பத்துப் பிரதிகளோடு ஒரு பை நிறைய வாசகர் கடிதங்களையும் அனுப்பியிருக்கிறார். கடிதங்களைத்தான் முதலில் பிரித்தேன். இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். முந்தைய ஆறு நாவல்களுக்கும் சேர்த்து வந்த கடிதங்கள் ஒரு சட்டைப்பைக்குள் அடங்கும். அதிலும் இரண்டு, முகவரி மாறி வந்தவை.

இன்றைக்கு வந்தவற்றில் சில:

“பேருந்தில் படித்துக்கொண்டே என் நிறுத்தத்தைத் தாண்டி நாலு நிறுத்தம் போய்விட்டேன். நன்றி.”

“இதெல்லாம் ஒரு எழுத்தா? அத்தியாயத்துக்கு அத்தியாயம் யாராவது ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். படித்து முடித்ததும் எனக்கே கால் வலித்தது.”

“என் மாமனார் கண்ணில் பட்டால் உங்கள் புத்தகம் அடுப்புக்குப் போய்விடும். அவர் மதியம் தூங்கும்போது படிக்கிறேன். அடுத்த பாகம் எப்போது?”

“கடவுள் உங்களைப் பார்த்துக்கொள்வார்.” இது வாழ்த்தா, சாபமா என்று மனைவியிடம் காட்டினேன். “எழுத்து அழுத்தியிருக்கறதைப் பார்த்தா சாபம்தான்” என்றாள்.

பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன். அக்காவிடமிருந்து ஒன்றுமில்லை. அவள் கடிதம் எழுதுகிறவளே இல்லை. அப்புறம் எதைத் தேடினேன்?

மார்ச் 5

தலைப்புப் பக்கம் கிழிக்கப்பட்ட பிரதி ஒன்று தபாலில் வந்தது. மற்றபடி சுத்தமாக இருக்கிறது. முழுக்கப் படித்துவிட்டுத்தான் கிழித்திருக்கிறார்.

மார்ச் 9, ஞாயிறு

பதினொரு மணி தாண்டிவிட்டது. தொலைபேசி அடிக்கவில்லை. இது ஐந்தாவது ஞாயிறு.

அக்கா ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கு, பிரார்த்தனை முடிந்து அவள் வேலை பார்க்கும் மண்டபம் காலியானதும், அங்கிருக்கும் அலுவலகத் தொலைபேசியிலிருந்து கூப்பிடுவாள். எடுத்ததும் “என்னடா மூக்கா, உயிரோட இருக்கியா?” என்பாள். நான் எழுதிக்கொண்டிருக்கும் பக்கங்களை வாசித்துக் காட்டுவேன். ஆறு நாவல்களையும் அச்சுக்கு முன்னால் கேட்டவள் அவள்தான். பிடித்தால் “ம்ம்”. பிடிக்காவிட்டால் “சரி, சாப்டியா?”. அவ்வளவுதான் அவளுடைய விமர்சனம். அதற்கு மிஞ்சிய விமர்சனத்தை நான் பார்த்ததில்லை.

ஏழாவதை அவளுக்கு வாசிக்கவில்லை.

எழுதிவைத்துவிடுகிறேன், பின்னால் நானே மாற்றிச் சொல்லாமலிருக்க. அக்கா ஒரு பிரார்த்தனைச் சபையின் மண்டபத்தில் இருபத்தேழு வருடமாக வாசல்காரி. எட்டுக் கதவுகளைத் திறப்பது, விளக்கேற்றுவது, பாய் விரிப்பது, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, மறுபடி எட்டுக் கதவுகளையும் பூட்டுவது. பின்கட்டில் ஓர் அறை, அதுதான் வீடு. மண்டபத்தின் நடுவே கல்பேழை. சபையைத் தொடங்கிய ஆதி ஆசானின் உடல் அதற்குள் இருப்பதாக நம்பிக்கை. அக்காவின் வளையத்தில் ஒன்பது சாவிகள். “எட்டு கதவு, ஒம்பது சாவி. இது எதுக்குன்னு எனக்கும் தெரியாது, குடுத்தவருக்கும் தெரியாது” என்று ஒருநாள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பிலிருந்துதான் முந்நூற்று எண்பது பக்கம் பிடித்தேன். என் நாவலில் பேழை காலி. ஆதி ஆசான் சாகவேயில்லை, பெண்டாட்டியோடு வேறு தேசம் போய்விட்டார். அவர் எழுதிய கடிதம் ஒன்பதாவது பூட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதைக் காக்க ஒரு ரகசியக் குழு கொலை செய்துகொண்டே போகிறது. குழுவின் கண்ணும் காதும் யார் என்றால், வாசல்காரி.

மார்ச் 13

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். என் விமர்சகர்கள் பாதிப் பேர் அங்கேதான் வருகிறார்கள்.

“மூட்டுவலி மாத்திரை வாங்க வந்த பெரியவர் சொல்றார், இதெல்லாம் அவருக்கு முப்பது வருஷமா தெரியுமாம். நீங்க எழுதினதே பாதிதானாம்.”

“எனக்கே தெரியாத மீதி அவருக்கு எப்படித் தெரியும்?”

“அதை அவர்கிட்ட கேளுங்க. இருமல் மருந்து வாங்கற டீச்சரம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறாங்க. அவங்க பொண்ணு மறுபடி வந்து உங்க கையெழுத்து வேணுங்குது. அம்மாகிட்ட சொல்லிடாதீங்கன்னுது.”

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். வடியவிட்டவனைப் பற்றி ஒரு பழமொழியும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஆறாவது ஞாயிறு. அக்காவின் அழைப்புக்குப் பதிலாக ஒரு வாசகர் வீடியோ அனுப்பியிருக்கிறார்.

“நிஜ இடத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் சார்! நிஜ வாசல்காரியையும்!”

நாற்பத்தி மூன்று விநாடி. எங்கோ உயரத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். அக்கா கிணற்றடிக் கதவுக்கு நடந்து வருகிறாள், இடது முட்டியைத் தாங்கியபடி. சாவியை எடுக்கிறாள். திறப்பதற்கு முன் சாவியின் தலையால் கதவை இரண்டு முறை தட்டுகிறாள். டொக், டொக். எடுத்தவனின் குரல் நடுங்குகிறது: “பார்த்தியா, பார்த்தியா! ரெண்டு தடவ!”

அக்கா எந்தக் கதவையும் அப்படித்தான் திறப்பாள். காலி அறையானாலும் சரி. ஏன் என்று கேட்டதற்கு, “உள்ள யாராவது கண்ணை மூடி உட்கார்ந்திருக்கலாம். யாரும் இல்லேன்னா அந்த அறையாவது தன் பாட்டுக்கு இருக்கும். திடுதிப்புனு திறந்தா நல்லாவா இருக்கு?” என்றாள்.

நாவலில் வாசல்காரியும் காலி அறையைக்கூடத் தட்டுவாள், ஆனால் அங்கே அது குழுவுக்கான சமிக்ஞை. வெளியாள் வருகிறான், மறைந்துகொள்ளுங்கள் என்று.

மார்ச் 17, திங்கள்

முதல் பேருந்தைப் பிடித்துப் போனேன். மண்டபத்து வாசலில் முப்பது நாற்பது பேர். பாதிப் பேர் கையில் என் புத்தகம். சிலர் படிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் கல்பேழையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பின்னட்டையில் இருப்பது பத்து வருடத்துக்கு முந்தைய முகம்.

அக்கா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கோபமாக இருப்பாள் என்று தயாராகப் போயிருந்தேன்.

“வாடா மூக்கா. உன் ஆளுங்கதான் இவங்கெல்லாம். தண்ணி கேட்டாங்க, குடுத்தேன். ஒருத்தரும் குடிக்கல. டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பார்க்கறாங்க. என்னடா ஆச்சு இவங்களுக்கு?”

இருபத்திமூன்றாம் அத்தியாயத்தில் வாசல்காரி கொடுக்கும் தண்ணீரில் விஷம். பேச்சை மாற்றினேன்.

“ஏன்க்கா போன் பண்ணல?”

“ஆபீஸ் போனை எடுத்துவிட்டுட்டாங்கடா. நாளெல்லாம் கூப்பிட்டு ஒம்பதாவது சாவி இருக்கான்னு கேட்டா செயலாளர் பாவம் என்ன பண்ணுவார்?”

இவ்வளவுதான் விஷயம். ஆறு வாரம் நான் இங்கே செத்துக்கொண்டிருக்க, அங்கே தொலைபேசிதான் இல்லை!

பிறகு பாயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். “நீ படிச்சுக் காட்டுவன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அதுல ஒரு பொம்பளை வர்றாளாமே, சாவி வச்சுக்கிட்டு. அது நானா?”

“இல்லக்கா. சத்தியமா இல்ல. அது சும்மா ஒரு துரத்தற கதை.”

“அதானே பார்த்தேன்” என்று பாயை மறுபடி எடுத்தாள். நம்பிவிட்டாள். பேருந்தில் திரும்பும்போது முன் இருக்கைக்காரர் என் புத்தகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாசகனைப் பிடித்துக் கீழே தள்ளலாம் போலிருந்தது.

மார்ச் 18

எப்படி நேர்ந்தது? என் வேலைமுறை இதுதான்: முதல் வரைவில் நிஜ மனிதர்களை அப்படியே எழுதுவேன். இல்லாவிட்டால் என் பேனா நகராது. கடைசி வரைவுக்கு முன் ‘மாற்றுப் பட்டியல்’ ஒன்று சுவரில் ஒட்டுவேன். இடப்பக்கம் நிஜ அடையாளம், வலப்பக்கம் மாற்று. மாற்றியதும் சிவப்புப் பென்சிலால் டிக். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர்கூட என் கதையில் தன்னை அடையாளம் கண்டதில்லை. என் பழைய முதலாளி, தன்னைப் பற்றிய கதையைப் படித்துவிட்டு, “யாரு சார் இந்தப் படுபாவி?” என்று என்னிடமே கேட்டார்.

இந்தப் பட்டியலும் சுவரில்தான் இருக்கிறது. முட்டிவலி — காது மந்தம். டிக். நீல டம்ளர் — பித்தளைச் செம்பு. டிக். ஊர், வயது, குரல் எல்லாமே டிக்.

பதிப்பாளர் அவசரப்படுத்தினார். அதில் ஒன்று விட்டுப்போயிருக்க வேண்டும். அவசரம். அவ்வளவுதான்.

மார்ச் 24

சபைச் செயலாளர் தன் வீட்டிலிருந்து கூப்பிட்டார். மரியாதையான மனிதர். அதுதான் தாங்கவில்லை.

“ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க யாரும் புத்தகத்தை நம்பல. ஆனா சபையில வயசானவங்க கேட்கறாங்க. நெருப்பில்லாம புகையுமாங்கறாங்க. முன்பக்கத்துல எல்லாம் உண்மைன்னு நீங்களே போட்டிருக்கீங்களே.”

போட்டிருக்கிறேன். ‘இந்நாவலில் வரும் கட்டடங்கள், பூட்டுகள், வழிபாட்டு முறைகள் அனைத்தும் உண்மையானவை.’ இந்த மாதிரி நாவலுக்கு அது ஒரு பொட்டு மாதிரி சார், வைக்காவிட்டால் மொட்டையாக இருக்கும் என்றார் பதிப்பாளர். வைத்தேன்.

“அவங்க ரெண்டு தடவ தட்டறது நிஜம்தானேங்கறாங்க” என்றார் செயலாளர்.

“இருபத்தேழு வருஷமா தட்டறாங்க. யாரும் கேட்டதில்லையே.”

“அதான் ஐயா. இப்ப கேட்கறாங்க.”

மார்ச் 26

மறுப்பு எழுதினேன். எல்லாம் என் கற்பனை, முன்பக்கக் குறிப்பு வெறும் கதை உத்தி, அந்த மண்டபத்துக்கும் ஊழியருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று. பதிப்பாளர் தடுப்பார் என்று சண்டைக்குத் தயாராக இருந்தேன்.

“தாராளமா எழுதுங்க சார். பத்திரிகைக்கு நானே அனுப்பறேன். போட்டோவோட போடச் சொல்றேன்.”

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று அந்த மனுஷன் துள்ளுவது, மறுப்பை அனுப்பிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஏப்ரல் 2

மறுப்பைப் பற்றிய வாசகர் கருத்துகள்:

“மிரட்டிவிட்டார்கள். போட்டோவில் அவர் கண்ணைப் பாருங்கள்.”

“கோழை. எழுதத் துணிந்தவனுக்கு நிற்கத் துணிவில்லை.”

“எல்லாமே பொய்யா? அப்போ என் நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்.”

“மறுப்பில் ஒன்பது வாக்கியங்கள். ஒன்பது! எண்ணிப் பாருங்கள்.”

எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான்.

ஏப்ரல் 3

பன்னிரண்டாம் பதிப்பு.

ஏப்ரல் 7, திங்கள்

நேற்று, பிரார்த்தனை முடிந்ததும், அக்காவிடமிருந்து சாவி வளையத்தை வாங்கிக்கொண்டார்கள். செயலாளர்தான் சொன்னார். நிர்வாகக் குழுவில் ஏழு பேர். எல்லோர் முன்னாலும் ஒன்பதாவது சாவியை ஒவ்வொரு பூட்டிலும் போட்டுப் பார்த்தார்களாம். மண்டபத்தில் இருக்கும் அலமாரி, பெட்டி, உண்டியல் எதிலும் சேரவில்லை. சந்தேகம் தீர்ந்துவிட்டதா என்றேன். “சிலருக்குத் தீர்ந்தது ஐயா. சிலருக்கு, அப்ப அந்தப் பூட்டை எங்க ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு கூடிடுச்சு” என்றார்.

வயதாகிவிட்டது, ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார்கள் அக்காவிடம். மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யவேண்டும்.

சரி. இப்போதாவது எழுது.

அவசரம் இல்லை. எதுவும் விட்டுப்போகவில்லை. பட்டியலில் பன்னிரண்டாவது வரி: ‘கதவை இரண்டு முறை தட்டுவது —’. வலப்பக்கம் எதுவும் எழுதாமலே சிவப்புப் பென்சிலால் டிக் போட்டிருக்கிறேன். மார்ச் 18-ஆம் தேதியும் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பதிப்பாளர் மேல் பழியைப் போட்டேன். பொட்டு வச்சாராம், அவசரப்படுத்தினாராம்! எனக்குத் தெரியும்டா. அதை எடுத்தா அந்தப் பாத்திரம் செத்துடும்னு தெரியும். அவ்வளவு நல்ல விஷயம், வேற எங்கயும் கிடைக்காதுன்னு விட மனசு வரல. அதனாலதான் அவளுக்குப் படிச்சுக் காட்டல. படிச்சிருந்தா “சரி, சாப்டியா?”ன்னு சொல்லியிருப்பா. நான் எடுத்திருப்பேன்.

அறுபத்தொரு வயசுப் பொம்பளைகிட்டேர்ந்து நான் திருடினது சாவி இல்ல.

ஏப்ரல் 15

பெரிய விமர்சகர் எழுதிவிட்டார். என் முந்தைய ஆறையும் ஏறெடுத்துப் பார்க்காதவர்.

‘சதி அபத்தம். நடை சுமார். பாத்திரங்கள் எல்லாம் வெட்டி ஒட்டிய அட்டைகள். ஆனால் வாசல்காரி வேறு வகை. காலி அறையின் கதவையும் இரண்டு முறை தட்டிவிட்டுத் திறக்கும் அந்த ஒரு பழக்கத்தில், ஆசிரியர் தன்னையறியாமல் இலக்கியத்தைத் தொட்டுவிடுகிறார்.’

இப்படி ஒரு வரிக்காக இருபத்திரண்டு வருடம் காத்திருந்தேன். ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன், ஒரு முழு நிமிடம்.

அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி வேலைக்குக் கிளம்பும்போது கதவருகே வந்து, “தண்ணி வீணாப் போகுது” என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் 22

எழுதவில்லை. சாப்பிடவும் பிடிக்கவில்லை. கடிதங்களைப் பிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

அக்கா வந்துவிட்டாள். மனைவிதான் விடுப்புப் போட்டுப் போய் அழைத்துவந்தாள். நானும் வருகிறேன் என்றதற்கு, “நீங்க வந்தா போட்டோ எடுப்பாங்க. வீட்லயே கிடங்க” என்றாள்.

ஒரு துணிப்பை, ஒரு தகரப் பெட்டி, நீல டம்ளர். கழுத்துக் கயிற்றில் அந்த ஒன்பதாவது சாவி. எங்கள் பூட்டு எதற்கும் இது சேராது, எங்களுடையது இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

“என்னடா இளைச்சுப்போயிட்ட?” என்றாள் என்னைப் பார்த்து.

பின்னறையைக் கொடுத்தோம். கிணற்றடிக் கதவும் எண்ணெய் அறையும் பழகிய கால்கள், நாலெட்டில் அறை முடிந்துவிட்டதும் அப்படியே நின்றன. மனைவி வீட்டிலிருந்த எல்லாப் பிரதிகளையும் காலையிலேயே மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டிருந்தாள்.

மே 2

அக்கா மனைவியிடம் கேட்டிருக்கிறாள். “அந்தப் புத்தகத்தை எடுத்துக் குடும்மா.”

“வேணாம் அண்ணி.”

“ஊரே படிச்சாச்சு. நான் மட்டும் எதுக்குப் பாக்கி?”

எடுத்துக் கொடுத்துவிட்டாள். என்னால் தடுக்கமுடியவில்லை. எந்த முகத்தோடு தடுப்பேன்?

மே 5

ஜன்னலோரமாக உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை வைத்து, உதடு அசைய அசையப் படிக்கிறாள். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது பக்கம். ஒவ்வொரு தடவை அந்தப் பக்கம் போகும்போதும் எந்த அத்தியாயம் என்று கண் தன்னால் போகிறது. இன்று மதியம் இருபத்திரண்டு. தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

மே 9

காலையில் புத்தகம் என் மேசைமேல் இருந்தது. முடித்துவிட்டாள். நாள் முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காய் நறுக்கிக் கொடுத்தாள், துணி மடித்தாள். “சரி, சாப்டியா?” என்றாவது கேட்பாள் என்று பின்னாலேயே சுற்றினேன். அதையும் கேட்கவில்லை.

மே 11, ஞாயிறு

பதினொரு மணி. பழக்கத்தில் தொலைபேசி பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவேண்டியவள் பின்னறையிலிருந்து முட்டியைத் தாங்கிக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நல்லா எழுதியிருக்கடா மூக்கா” என்றாள். கேலியில்லை. கோபமும் இல்லை. “கடைசியில அந்த வாசல்காரி படியிலேர்ந்து விழறாளே, அப்ப எனக்கு ஐயோன்னு வரல. படிக்கப் படிக்க அவமேல அவ்வளவு ஆத்திரம். நல்லா வேணும்னு இருந்துச்சு. மூடி வச்சப்புறம்தான் தோணுச்சு, அது நான்ல?”

மார்ச் மாதம் சத்தியம் செய்த வாய் இது. “ஆமாக்கா” என்றேன். அழுதேன். கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை ஆறுதலாகத்தான் இருந்தது. அதுதான் கொல்லுகிறது.

“அந்த தண்ணி குடிக்காதவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. நானா இருந்தாலும் குடிச்சிருக்கமாட்டேன்” என்றாள்.

பிறகு எழுந்து போனாள். இந்த மேசையிலிருந்து பின்னறைக் கதவு தெரியும். வந்த பதினான்கு நாட்களும் இங்கே உட்கார்ந்தபடி அந்தக் கதவைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். குளியலறையானாலும் சமையலறையானாலும், மூடிய கதவு எதுவாக இருந்தாலும், சாவி இல்லாவிட்டாலும் விரல் முட்டியால் இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் திறந்தாள். நேற்றுக் காலைகூட.

இப்போது கதவு வரைக்கும் போய் நின்றாள். கை உயர்ந்தது. அப்படியே ஒரு விநாடி. பிறகு கையை இறக்கி, தாழ்ப்பாளை விலக்கி, சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள்.